கே.பி.எஸ்.: குரல் மட்டும்தானா?

"கே.பி. சுந்தராம்பாள் பெரிய பாடகி சார், ஆனா நடிகைன்னு சொல்ல முடியாது" என்றார் நண்பர் ஒருவர். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேசிய விருதுகூட 'துணைவன்' (1969) படத்தில் பாடியதற்குத்தான்.

அவர் பிறந்த கொடுமுடியைத் தாண்டித்தான் காவிரி எங்க வேலூருக்கு வருது. அந்தப் பக்கத்து ஊர்ப் பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வருஷங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

பிறப்பு 1908. சிறு வயதிலேயே நாடக மேடை. பிறகு எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி. 1933-ல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. அதன் பிறகு வெள்ளைப் புடவை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. முதல் படம் 'பக்த நந்தனார்' (1935). ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம்! விமர்சனம் எழுதிய கல்கியோ அதில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல் செய்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. நம்மில் பெரும்பாலோர் பார்த்த கே.பி.எஸ்., 'ஔவையார்' (1953) படத்தில்தான் தொடங்குகிறார். அப்போது அவருக்கு 45 வயது.

அதாவது, ஜோடியாக நடித்த காலம் முழுக்க மேடையோடு போயிற்று. மிச்சம் இருப்பது இசைத்தட்டுகள், அதாவது குரல். பாதி லாக் அழிந்துபோன சிஸ்டத்தில் மீதியை மட்டும் படித்துவிட்டு, "இது இவ்வளவுதான் செய்யும்" என்று தீர்ப்பு சொல்கிற மாதிரி இருக்கு நம்ம விமர்சனம்.

அழிந்த பாதியின் தடயம் கிடைக்குமா? கிடைக்கிறது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிட்டப்பா வேலன், இவர் வள்ளி. அந்த நாடகத்தின் உயிரே தர்க்கம்தான். எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. கேட்ட நொடியில் வசனமோ பாட்டோ பதிலாக வரணும். மைக் இல்லாத மேடையில் பாட்டையும் நடிப்பையும் பிரிக்கவே முடியாது.

இப்போ 'கந்தன் கருணை' (1967) பாருங்க. முருகன் கேட்கிறார், ஔவை பாட்டிலேயே பதில் சொல்கிறார். கேள்வியை வாங்கிக்கொள்வது, அடுத்ததற்குக் காத்திருப்பது, பதிலை எடுக்கிற அந்தத் திடம், எல்லாம் பழைய தர்க்க மேடையின் பழக்கம். முருகனோடு வாதாடிய வள்ளிதான் கிழவியாகித் திரும்பி வந்திருக்கிறாள்.

குறை சொல்வதென்றால் சினிமாவைத்தான் சொல்லணும். அவருடைய உறுதியைக் கற்புக் கதையாக்கிக் கும்பிட்டோம். அந்த உறுதிக்குள்ளேயே எத்தனை வேடங்கள் எழுதியிருக்கலாம்? தந்தது திரும்பத் திரும்ப ஔவை, 'பூம்புகா'ரில் (1964) கவுந்தி அடிகள். 'காரைக்கால் அம்மையா'ரில் (1973) இளமைக்கு லட்சுமி, முதுமைக்கு இவர். சந்தையில் பேரம் பேசுகிற, மருமகளோடு மல்லுக்கட்டுகிற சாதாரணக் கிழவி வேடங்களை அவருக்கு இன்னும் தந்திருக்கலாம்.

அடுத்த முறை டிவியில் வந்தால், சத்தத்தைக் கொஞ்ச நேரம் குறைச்சுட்டுப் பாருங்க. நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன்.