குமரி மாவட்டத்துக் கைப்பிரதிகள்

சாகித்திய அகாதெமி விருது 1994இல் பொன்னீலனுக்கு, 1997இல் தோப்பில் முஹம்மது மீரானுக்கு, 2010இல் நாஞ்சில் நாடனுக்கு. 1,700 சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத ஒரு மாவட்டத்துக்கு இது பெரிய கொடுப்பினை. விருதுப் பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் சுந்தர ராமசாமி, கிருஷ்ணன் நம்பி, ஜெயமோகன், அ.கா. பெருமாள், குமாரசெல்வா, என்.டி. ராஜ்குமார், ஹெச்.ஜி. ரசூல், மலர்வதி என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகிறவர்களுக்கு இந்த மண்ணில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. எழுதியதைப் படித்து, திருத்தி, புத்தகமாக்கி விற்க உள்ளூரில் யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள் என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன். புதிதாக எழுத வருகிறவருக்கு இந்தக் கேள்வி விருதுகளைவிட முக்கியமானது.

அச்சு இங்கே பழைய சங்கதி. லண்டன் மிஷன் சங்கத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்து நடத்தினார்கள். ஆனால் அச்சுக்கூடம் இருப்பதால் மட்டும் இலக்கியப் பதிப்பு வந்துவிடாது. தேரூர் கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917 வாக்கில் ‘தமிழன்’ இதழில் ஆசிரியர் பெயரில்லாமல் தொடராக வந்தது. ஊரே பேசிய அந்த நூல் புத்தக வடிவம் பெற்றது 1942இல். அதற்குள் திருவிதாங்கூர் அரசு 1926இல் சட்டம் கொண்டுவந்து, நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழிச் சொத்துரிமையையே மாற்றியிருந்தது. இதழில் முதலில் வாழ்ந்து, புத்தகத்துக்கு வெகுகாலம் காத்திருப்பது இந்த வட்டாரத்து எழுத்தின் தலையெழுத்தாகப் பிறகும் தொடர்ந்தது.

நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியபடியே எழுதியவர் சுந்தர ராமசாமி. அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் தமிழ்ப் புத்தகாலயம் வழியாக வந்தது, ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் க்ரியா வழியாக. இரண்டும் சென்னைப் பதிப்பகங்கள். புளியமரம் நின்றது இந்த ஊர்ச் சந்தியில், புத்தகம் பிறந்தது எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. 1956 நவம்பர் 1வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்ததை நினைத்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. 1945இலேயே கோட்டயத்தில் மலையாள எழுத்தாளர்கள் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, எழுதியவருக்கு 30 சதவீதம் ராயல்டி என்று தங்கள் நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே அரசின் கீழ் வாழ்ந்த தமிழ் எழுத்தாளர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு அமையவில்லை. தகழியின் ‘செம்மீ’னையும் ‘தோட்டியின் மக’னையும் தமிழுக்குக் கொண்டுவந்த சுந்தர ராமசாமி, எல்லைக்கு அப்பால் பதிப்புத் தொழில் எப்படித் தழைத்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்.

இங்கே தழைத்தது சிற்றிதழ். வனமாலிகை ‘சதங்கை’யை நாகர்கோவிலிலிருந்து நடத்தினார். அ. ராஜமார்த்தாண்டன் 1976இல் ‘கொல்லிப்பாவை’யைத் தொடங்கினார். சந்தா சேர்ப்பது, அச்சகத்துக்கு நடப்பது, மெய்ப்புப் பார்ப்பது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் ஒரே ஆள் செய்யும் வேலை. பணம் வந்தபோது இதழ் வரும், வராதபோது நிற்கும். ஆனாலும் இந்த இதழ்கள் ஒரு பெரிய காரியத்தைச் செய்தன. புதிதாக எழுத வந்தவருடைய கதையை வேறொருவர் பொறுப்போடு படித்து, இது நிற்கிறது, இது நிற்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சுந்தர ராமசாமியின் வீட்டில் நடந்த ‘காகங்கள்’ கூட்டங்களிலும் இதுதான் நடந்தது. படைப்பை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று நாம் செம்மையாக்கம் என்று சொல்வதன் வேர் அந்தத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது.

1988இல் சுந்தர ராமசாமி ‘காலச்சுவடு’ காலாண்டிதழைத் தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றது. 1994இல் கண்ணன், லட்சுமி மணிவண்ணன், மனுஷ்ய புத்திரன் என்ற மூன்று இளைஞர்களின் பொறுப்பில் மறுபடி வந்தது. அடுத்த ஆண்டே காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலில் பிறந்தது. இந்த மாவட்டத்தின் பதிப்பு வரலாற்றில் திசை மாறியது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அதுவரை கைப்பிரதி வடக்கு நோக்கிப் போனது. அதற்குப் பிறகு சென்னையிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் துவரங்குறிச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கைப்பிரதிகள் நாகர்கோவில் கே.பி. ரோட்டுக்கு வரத் தொடங்கின. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ 2000இல் இங்கிருந்து வந்தது. மூலப் பத்திரிகைகளைத் தேடி, பாடபேதம் பார்த்து, காலவரிசைப்படுத்தி நவீன எழுத்தாளர் ஒருவருக்குச் செம்பதிப்பு கொண்டுவரும் முறைக்கு அந்த நூல் அளவுகோலாக அமைந்தது.

அந்த மூவரில் மனுஷ்ய புத்திரன் பின்னாளில் சென்னையில் ‘உயிர்மை’யைத் தொடங்கினார். லட்சுமி மணிவண்ணன் ‘சிலேட்’ இதழை நடத்தினார். அதே காலத்தில் ஜெயமோகன் நண்பர்களோடு ‘சொல் புதிது’ கொண்டுவந்தார். ஒரு இதழிலிருந்து இன்னொரு இதழும் பதிப்பகமும் கிளைத்த கதை இது. கருத்து வேறுபாடுகளும் கடுமையான சண்டைகளும் இருந்தன. தமிழ் வாசகருக்கு அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. படிக்கக் கிடைத்த பக்கங்கள் கூடின.

காலச்சுவடின் இன்னொரு சாதனை மொழிபெயர்ப்பு உரிமை விற்பனை. 2007 முதல் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியோடு அதன் பதிப்பாளர் கண்ணன் தொடர்பு வைத்துக்கொண்டார். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வழியாக வந்தது. 2014 இறுதியில் அந்த நாவலுக்கு எதிராகக் கிளம்பிய மிரட்டலும், எழுதுவதையே விட்டுவிடுவதாக ஆசிரியர் அறிவித்ததும், 2016 ஜூலை 5 அன்று ஆசிரியருக்கு ஆதரவாகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும் எல்லோரும் அறிந்தவை. 2013இல் வந்த ‘பூக்குழி’யின் ஆங்கில வடிவம் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவத்துக்கு ஜேசிபி பரிசு கிடைத்தது. 2022இல் பிரெஞ்சு அரசு கண்ணனுக்குச் செவாலியே விருது தந்தது. சென்னையில் அலுவலகம் வைத்தால்தான் பதிப்பாளர் என்ற எண்ணத்தை இவ்வளவு அழுத்தமாக உடைத்த இன்னொரு தமிழ்ப் பதிப்பகம் எனக்குத் தெரிந்து இல்லை.

அண்மை வரவுகளில் பெரிய கவனம் பெற்றது வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. அது 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆய்வு நூல் ஒன்று நாவலைப் போலப் படிக்கப்பட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த நிகழ்வு. இந்த மாவட்டத்துக்கே உரிய நூல்களில் அ.கா. பெருமாளின் உழைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர்களையும் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்களையும் தேடிப் போய்க் கேட்டு எழுதியவர் அவர். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் பதிப்பித்ததும் அவர்தான். பெரிய பல்கலைக்கழகம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனிமனிதரும் ஒரு சுயாதீனப் பதிப்பகமும் சேர்ந்து செய்தார்கள். விளவங்கோடு பேச்சுத் தமிழை நாவல் முழுக்க ஓடவிட்ட குமாரசெல்வாவின் ‘குன்னிமுத்து’வும் காலச்சுவடு வழியாகத்தான் வந்தது. அந்த மொழியைப் பொதுத்தமிழாகத் திருத்தாமல், அதேசமயம் ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்ள, வட்டாரத்தை அறிந்த மெய்ப்புத் திருத்துநர் வேண்டும். பதிப்பகம் பக்கத்தில் இருப்பதன் பயன் இதுபோன்ற இடத்தில்தான் தெரிகிறது.

கடற்கரையின் நிலை வேறு. நீரோடி முதல் ஆரோக்கியபுரம்வரை நீளும் மீனவ ஊர்களிலிருந்து குறும்பனை சி. பெர்லின், வறீதையா கான்ஸ்தந்தின் போன்றோர் தொடர்ந்து எழுதுகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடலைப் பற்றிய தமிழ் எழுத்துக்கு ஓர் அவசரம் வந்தது. ஆனாலும் ஆழ்கடலில் மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் அனுபவம் இன்னும் மிகக் குறைவாகவே புத்தகமாகியிருக்கிறது. இங்கே பதிப்பாளர்தான் எழுத்தாளரைத் தேடிப் போக வேண்டும். கைப்பிரதி தானாக மேசைக்கு வரும் என்று காத்திருந்தால் அது வராது.

இனிப் புதியவருக்கு உள்ள வாசல்கள்.

மிக எளிதாகத் திறப்பது காசு கொடுத்து அச்சிடும் வாசல். டிஜிட்டல் அச்சும், தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறையும் வந்த பிறகு ஆயிரம் பிரதி போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஐம்பது பிரதி அச்சிட்டு, ஐஎஸ்பிஎன் எண் வாங்கி, கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா நடத்திவிடலாம். அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். சொந்தச் செலவில் புத்தகம் போடுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தானே வெளியிட்டவர்தான். ஆனால் அந்த நாவல் அதற்கு முன்பே ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து வாசகரைச் சந்தித்திருந்தது. இன்றைய காசுப் பதிப்புகளில் பலவற்றில், எழுதியவரையும் தட்டச்சு செய்தவரையும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் வரிவரியாகப் படித்த தடம் இல்லை. முதல் அத்தியாயத்தில் இறந்தவர் ஐந்தாம் அத்தியாயத்தில் பேசும் புத்தகங்கள்கூட விற்பனைக்கு வந்துவிடுகின்றன. நல்ல அனுபவம் கையில் இருந்தும் இப்படி வீணாவதைப் பார்க்க மனம் ஆறவில்லை.

வருமானக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான ராயல்டி 10 சதவீதம். 200 ரூபாய் விலையுள்ள புத்தகம் 300 பிரதி விற்றால் எழுதியவருக்கு 6,000 ரூபாய். பதிப்பாளரும் கொழிப்பதில்லை. கடைக்காரருக்குக் கழிவு மூன்றில் ஒரு பங்குவரை போகும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணை கிடைத்தால் மூச்சு வரும், கிடைக்காத ஆண்டில் சிறிய பதிப்பகம் புதியவரின் கைப்பிரதியைத் தள்ளி வைக்கும். தபால் இன்னொரு சுமை. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் திடீரென்று நின்றபோது தபாலை நம்பியிருந்த பதிப்பாளர்கள் திகைத்துப்போனார்கள். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்திருக்கிறது. 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நாகர்கோவில் போன்ற கோடியிலிருந்து புத்தகம் அனுப்புகிறவருக்கு இது ஓரளவு ஆறுதல்.

ஆகவே என் பரிந்துரை, முதலில் இதழுக்கு அனுப்புங்கள் என்பதுதான். ‘காலச்சுவடு’ இன்று மாத இதழ். ஒரு கதையையோ சில கவிதைகளையோ யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். ஒரே படைப்பை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இதை மீறினால் கெட்ட பெயர் நெடுநாள் நிற்கும். பதில் வரத் தாமதமாகலாம், வராமலும் போகலாம். நான்கைந்து கதைகள் இதழ்களில் வந்த பிறகு தொகுப்போடு பதிப்பகத்தை அணுகுகிறவருக்கு வரவேற்பே வேறு. முதல் தொகுப்புகளுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கும் பதிப்பகங்களும் உண்டு.

போட்டிகளையும் விட வேண்டாம். ஜெயமோகனின் முதல் நாவல் ‘ரப்பர்’ 1990இல் அகிலன் நினைவுப் பரிசு பெற்றுத்தான் வெளியுலகுக்கு வந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னையின் ஜீரோ டிகிரி பதிப்பகம் நாவலுக்கும் சிறுகதைக்கும் போட்டி நடத்தியது. ‘அரூ’ இதழ் அறிவியல் புனைகதைக்கு நடத்தியது. புத்தகம் வந்துவிட்டது, வயது 35க்குள் என்றால் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் உண்டு. துப்புரவுப் பணியாளரின் வாழ்வை எழுதிய மலர்வதியின் ‘தூப்புக்காரி’ 2012இல் அதைப் பெற்றது. தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குப் பரிசும், நூல் வெளியிட நிதியுதவியும் தருகிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் கலை இலக்கியப் பெருமன்றமும் ஆண்டுதோறும் நூல்களைக் கேட்டு வாங்கிப் பரிசளிக்கின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். கிராமத்தில் இருக்கும் எழுத்தாளருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்வதில்லை என்பதே என் கவலை. கிளை நூலகங்களின் அறிவிப்புப் பலகைகள் இதற்குப் போதும்.

மாவட்டந்தோறும் அரசு புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கிய பிறகு நாகர்கோவிலிலும் அரங்குகள் நிறைகின்றன. ஆனால் மாலை முழுக்க மேடைப் பேச்சுதான். 2023 முதல் நடக்கும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில், பதிப்பாளர்களும் முகவர்களும் நேரம் குறித்துக்கொண்டு மேசைக்கு மேசை உட்கார்ந்து உரிமை பேசுகிறார்கள். நாகர்கோவில் திருவிழாவில் ஒரே ஒரு பகலை இந்த முறைக்கு ஒதுக்கலாம். நான்கு மேசைகள் போட்டு, பதிப்புப் பணி அறிந்த செம்மையாக்குநர் நால்வரை அமர்த்த வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்தும் தூத்தூரிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் வரும் புதியவர்கள் பதினைந்து பக்கங்களை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். ஆளுக்கு அரைமணி நேரம் கைப்பிரதியை நடுவில் வைத்துப் பேசலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு நட்சத்திரப் பேச்சாளரின் விமானக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும்.