டி.சி. கொடுத்து வாங்கும் ஒழுக்கம்

"கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேர்க்கை சரியா இருக்காதுங்க." சென்னையில் நந்தனம், தி.நகர், மயிலாப்பூர் பக்கம் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், ஆங்கிலம் என்ற காரணத்துக்கு முன்பே இந்த வாக்கியம் வந்து விழும். கூடப் படிப்பவன் கெட்ட வார்த்தை பேசுவான், வாத்தியாரை எதிர்ப்பான், நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடும் என்ற பயம். கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு இந்தப் பயத்துக்குத்தான் போகிறது.

பயம் முழுக்கப் பொய்யில்லை. மாலையில் அண்ணா சாலையில் பேருந்துப் படிக்கட்டில் தொங்கும் மாணவர்களில் பலர் அரசுப் பள்ளிச் சீருடையில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இலவச பஸ் பாஸில் போவதால் அவர்கள் செய்வதெல்லாம் ஊர் பார்க்க நடக்கிறது. வேனிலும் காரிலும் வீடு போகும் பிள்ளைகளின் சேட்டையைப் பார்க்க யாருமில்லை.

தனியார் பள்ளிகள் உண்மையாகவே நன்றாகச் செய்வதும் உண்டு. மணி அடித்தால் வகுப்பில் ஆசிரியர் இருப்பார். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு போன் வரும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்த இடத்தில் பிள்ளைகள் அமைதியாவார்கள். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் தேர்தல் பணிக்குப் போய்விடுவார், இன்னொருவர் பாதி ஆண்டில் மாறுதலாகிவிடுவார். ஆசிரியர் இல்லாத வகுப்பில் நாற்பது பையன்கள் கத்தினால் அதற்குப் பையன்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

ஆனால் தனியார் பள்ளியின் ஒழுங்குக்கு இன்னொரு அடித்தளம் உண்டு. அது டி.சி., அதாவது பிள்ளையை வெளியே அனுப்பும் மாற்றுச் சான்றிதழ். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றவும் கூடாது என்கிறது. அந்தக் காப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவனின் பெற்றோரை அழைத்து, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பும் பள்ளிகள் இருப்பது ஊரறிந்த விஷயம். அடுத்த ஆண்டு வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி பேனர் ஏறும். அனுப்பப்பட்ட பையன் எங்கே போவான்? பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்கு அல்லது அரசுப் பள்ளிக்கு. அங்கே அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு பள்ளி கழித்துவிட்ட பிள்ளைகளை இன்னொரு பள்ளியின் கணக்கில் ஏற்றிவிட்டு, இரண்டின் ஒழுக்கத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

2022இல் அரசுப் பள்ளி மாணவர்கள் ஆசிரியரை மிரட்டுவதும் மேசைகளை உடைப்பதும் வீடியோவாகப் பரவின. பார்க்கவே வேதனையாக இருந்தது. ஒழுங்கீனமாக நடப்பவர்களுக்கு டி.சி. தரப்படும், காரணமும் அதில் எழுதப்படும் என்று தமிழகப் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். தனியார் பள்ளியின் ஆயுதத்தையே அரசும் கையில் எடுக்க நினைத்தது. அரசுப் பள்ளியும் கைவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் ஏது?

தனியார் பள்ளிகளின் வெளியே தெரியாத பக்கத்தையும் பேச வேண்டும். 2012 பிப்ரவரியில், டைரியில் குறை எழுதி வீட்டுக்கு அனுப்பிய ஆசிரியையை ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அது நடந்தது பாரிமுனைப் பகுதியிலுள்ள ஓர் ஆங்கிலோ-இந்தியப் பள்ளியில். 2021 மே மாதம் நகரின் புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர் பாலியல் தொல்லைப் புகாரில் கைதானார்; முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் அது வெளியே வந்தது. எதிர்த்துப் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை என்று பழக்கும் இடத்தில், தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லவும் பிள்ளைக்கு வாய் வராது. தனியார் பள்ளி ஒழுக்கத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அரசுப் பள்ளிப் பையனின் திமிரைத் திருத்த வழி உண்டு. மௌனம் என்ன மறைக்கிறது என்பதே பல ஆண்டுகளுக்குத் தெரிவதில்லை.

'சேர்க்கை' பயத்துக்கு ஆராய்ச்சி தரும் பதிலும் இருக்கிறது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்ட பிறகு என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் கூடுதல் தாராள மனத்தோடு நடந்துகொண்டார்கள், ஏழைகளிடம் பாகுபாடு காட்டுவது குறைந்தது. கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. வன்முறை கூடவில்லை. கொஞ்சம் கெட்ட வார்த்தைக்குப் பதிலாக அத்தனை மனிதத்தன்மை கிடைக்குமென்றால் எந்தப் பெற்றோரும் அதை ஏற்கலாம்.

ஒழுக்கத்தைப் பேசும்போது விளையாட்டையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இதே நந்தனத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் மைதானமே இல்லாத பள்ளிகள் நடக்கின்றன. மைதானம் உள்ள பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்கிறார். வளரும் பையனின் உடம்பு எங்காவது துள்ளத்தான் செய்யும்.

அரசு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை, தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்த எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டு வெளியிடட்டும். இடையில் டி.சி. வாங்கிப் போனவர்களுக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் பள்ளி எழுத்தில் காரணம் சொல்லட்டும். மாநிலத்தின் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஓர் எண் இருக்கிறது. யார் எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு மாறினார் என்ற விவரம் அதில் ஏற்கெனவே பதிவாகிறது.