ஓட்டுப் போட்டவர்கள் முட்டாள்களா?

விருதுநகர்க்காரர்கள் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒரு குத்தல் நிச்சயம் வரும். “ஓ... காமராஜரையே தோற்கடிச்ச ஊரா?” 1967-ல் பிறந்தேயிராத நானும் இந்தக் கேள்விக்கு அசடு வழிந்திருக்கிறேன். ‘நன்றி கெட்ட ஊர்’ என்று நானே ஒத்துக்கொண்டதும் உண்டு.

இப்போது ஒத்துக்கொள்வதில்லை. காரணம், ஒரு டீக்கடை.

2024 நவம்பர். தீபாவளி முடிந்த வாரம். சிவகாசியில் ஒரு கடையில் நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் தோற்றுவிட்டார். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் சிறப்பு பூஜையெல்லாம் நடந்தும் பலனில்லை. ‘அமெரிக்காக்காரனுக்குப் புத்தி மழுங்கிப் போச்சு’ என்று நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

தூக்குவாளியில் டீ வாங்க வந்த அம்மா ஒருவர் கேட்டுக்கொண்டே நின்றார். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர்.

“ஏண்ணாச்சி, அந்தம்மா ஜெயிச்சிருந்தா அதே சனத்தைப் புத்திசாலின்னு சொல்லியிருப்பீங்கள்ல?”

சுருக்கென்றது. ஏனென்றால், 2020-ல் பைடன் ஜெயித்தபோது ‘அமெரிக்க மக்கள் ஜனநாயகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்’ என்று எழுதியவன் நான்தான்.

முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மிடம் இந்த வியாதி இருக்கிறது. ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு. தோற்றால் காசு, சாதி, மதம், முட்டாள்தனம். ஹிலாரி கிளிண்டன் 2016-ல் தேர்தலுக்கு முன்பே இதைச் செய்தார். டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிவானவர்கள் என்று பேசிவிட்டு, மறுநாள் ‘பாதிப் பேர்’ என்று சொன்னதற்காக வருந்தினார். தன்னை இழிவாகப் பேசியவருக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

சரி, காமராஜரைத் தோற்கடித்தவர்கள் முட்டாள்களா? பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் அணைகளும் தந்தவர் அவர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் முதல்வர் பதவியை விட்டு விலகியது 1963-ல். 1967-ல் ஓட்டுப் போட வந்தவர் மனதில் இருந்தவை வேறு: அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகள். எதிரில் நின்ற தி.மு.க.வோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. அந்தப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் ஜெயித்தார். பசிக்கும் மொழிக்கும் போட்ட ஓட்டு அது. நன்றி கெட்ட ஓட்டு என்று எப்படிச் சொல்வது?

காமராஜர் ஊரைச் சபித்துக்கொண்டு உட்காரவில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1962-ல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணாவும் அப்படித்தான். ஐந்தே வருடத்தில் முதல்வரானார்.

நான் பி.காம். படித்தவன். நட்டம் வந்தால் எங்கே வந்தது என்று பேரேட்டைப் புரட்ட வேண்டும் என்பதுதான் நான் படித்த முதல் பாடம். விருதுநகர் பருப்புக் கடையில் சரக்கு தேங்கினால் எந்த அண்ணாச்சியும் வாடிக்கையாளரைத் திட்டமாட்டார். சரக்கைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், எதிர்க்கடையைப் பார்ப்பார். நாம் மட்டும்தான் வாடிக்கையாளருக்குப் புத்தியில்லை என்கிறோம்.

என் பேரேட்டையும் புரட்டினேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டபோது வரவேற்று எழுதினேன். காற்று மாசு பொய்யில்லை. இன்றைக்கும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சரம் பின்னிய கைகள் என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கைகளில் ஒரு ஜோடிதான் அன்றைக்குத் தூக்குவாளியோடு நின்றது.

மக்கள் தப்பே செய்யமாட்டார்கள் என்று சொல்லவில்லை. செய்வார்கள். வெறுப்புப் பேச்சுக்கும் மயங்குவார்கள், கவருக்கும் கை நீட்டுவார்கள். தப்பென்றால் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். ஓட்டுக்காகக் கொள்கையைக் கழற்றிவைக்கவும் வேண்டாம். ஆனால் அதைச் சொல்கிற தகுதி, தேர்தலுக்கு முன்னால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்குத்தான் உண்டு. முடிவு வந்த பிறகு டீக்கடையில் சாபம் விடுகிறவருக்கு இல்லை.

நீங்கள் ஆதரித்த கட்சி அடுத்த தேர்தலில் தோற்கலாம். அன்று மாலை வாயைத் திறப்பதற்கு முன் அந்த அம்மாவின் கேள்வியை ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். எனக்கு அன்று பதில் வரவில்லை. டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.