மன்னிக்கும் சிறுமி

ராபர்ட் கோல்ஸ் 1995-இல் எழுதிய ரூபி பிரிட்ஜஸின் கதையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 1960-இல், நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் பள்ளிக்குக் காவலர் புடைசூழச் சென்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி அவள். வெள்ளைக் குழந்தைகள் வராத வகுப்பில் ஆசிரியையும் அவளும் மட்டுமே. ஜார்ஜ் போர்டின் சித்திரங்களில் குறையொன்றுமில்லை. ஆனால் தன்னை ஏசிய கூட்டத்துக்காக அவள் பிரார்த்திப்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

"திட்டினவங்க அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்களா, தாத்தா?" என்றாள் பேத்தி.

நியாயமான கேள்வி! அடிபட்டவளின் நற்குணத்தையே பாடமாக்கினால் அடித்தவன் சௌகரியமாகத் தப்பித்துக் கொள்கிறான். ரூபியே 1999-இல் எழுதிய புத்தகத்தில், கூட்டத்தார் சவப்பெட்டியில் கிடத்திக் காட்டிய கறுப்புப் பொம்மையும், அதைக் கண்டு அவள் நடுங்கியதும் உண்டு. அதையும் வாசித்துக் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். குழந்தை பயந்துவிடுவாள் என்று மருமகள் தடுக்கிறாள்.