ராக்வெல் தடித்த சாய்வெழுத்து: இயல்பும் பயனும்

ராக்வெல், மோனோடைப் நிறுவனம் 1934இல் அறிமுகப்படுத்திய இலத்தீன் எழுத்துருக் குடும்பம் ஆகும். ஃபிராங்க் ஹின்மன் பியர்பாண்ட் மேற்பார்வையில் உருவான இது ஸ்லாப் செரிஃப் வகையைச் சேர்ந்தது. எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்காக இடப்படும் சிறு கோடு செரிஃப் எனப்படும். அக்கோடு தடித்தும் சதுர முனையுடனும் அமைந்தால் அது ஸ்லாப் செரிஃப். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் தோன்றிய இவ்வகை எழுத்துகள், தொலைவிலிருந்தே கண்ணில் படவேண்டிய சுவரொட்டிகளிலும் விளம்பரங்களிலும் பரவின.

ராக்வெல்லின் அடிப்படை வடிவகணிதம். அதன் ‘ஓ’ ஏறத்தாழ முழு வட்டம். பெரிய ‘ஏ’யின் உச்சியிலும் ஒரு செரிஃப் உண்டு. நேராக நிற்கும்போது இவ்வெழுத்துகள் தூண்களைப் போல உறுதியாகத் தோன்றும். இக்குடும்பத்தின் சாய்வெழுத்தோ பேனாவின் ஓட்டத்திலிருந்து பிறந்ததன்று. நேர் எழுத்தின் வடிவமே வலப்பக்கம் சாய்க்கப்பட்டுள்ளது. நிற்கும் கோடுகள் சாய்ந்தாலும் செரிஃப்கள் கிடைமட்டமாகவே இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மூலையும் ஒருபுறம் கூர்ந்தும் மறுபுறம் விரிந்தும் அமைகிறது. தடித்த வடிவில் இது மேலும் தெளிவாகத் தெரியும். நகர முனையும் சாய்வும் நகரவிடாத செரிஃபும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இந்த இழுபறிதான் இவ்வெழுத்தின் வலிமை. இதன் குறையும் இதுவே.

பெரிய அளவில் அது வலிமையாகிறது. இரண்டு மூன்று சொற்கள் கொண்ட தலைப்பு, பொருளின் பெயர், விளையாட்டுச் சட்டையில் வரும் அணிப்பெயர் ஆகியவற்றில் எடையும் வேகமும் ஒருங்கே கிடைக்கின்றன.

சிறிய அளவில் நிலைமை மாறுகிறது. சிறிய ‘ஏ’, ‘ஈ’ ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபடுகின்றன. அடுத்தடுத்த எழுத்துகளின் செரிஃப்கள் நெருங்கிச் சொல்லே ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது. பத்தியின் நடுவே ஒரு சொல்லை வேறுபடுத்தச் சாய்வு மட்டும் அல்லது தடிமன் மட்டும் போதும். இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு சொல் வாசகரின் கண்ணைத் தன்னிடமே நிறுத்தி, வாக்கியத்தின் ஓட்டத்தைக் குலைக்கிறது.

இக்குறை ஸ்லாப் செரிஃப் வகை முழுவதற்கும் உரியதன்று. பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சேய் வடிவமைத்து லினோடைப் 1990இல் வெளியிட்ட சிசிலியாவின் சாய்வெழுத்து, கையெழுத்தின் அசைவைத் தழுவி வரையப்பட்டது. அதனால் அது பத்திக்குள் இயல்பாகப் பொருந்துகிறது. கிண்டில் கருவியில் நூல் வாசிப்புக்குச் சிசிலியா பயன்பட்டதும் இங்கு எண்ணத்தக்கது.

மைக்ரோசாப்ட் ஆபீஸ் வழியாக ராக்வெல் பல கணினிகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆய்வேடோ அறிக்கையோ எழுதும் மாணவர், இதன் தடித்த சாய்வை முகப்புத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள பத்திகளுக்கு வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.