மாறுகண்ணும் மலைக் குழந்தைகளும்

மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையை அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் போகவில்லை. இந்த நம்பிக்கையால் கெட்ட பார்வைகள் ஏராளம். இரண்டு மூன்று வயதில் கண் மூக்குப் பக்கம் திரும்பும் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம், சரியான கண்ணாடி போதும் என்பதுதான் வேதனை.

காரணத்தை டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் 1864-லேயே விளக்கிவிட்டார். தூரப்பார்வை உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஓயாமல் உழைக்க வேண்டும். லென்ஸ் அப்படி உழைக்கும்போதெல்லாம் இரு கண்களும் சேர்ந்து உள்நோக்கித் திரும்புவது உடலின் இயல்பு. உழைப்பு மிகுந்தால் திரும்புவதும் மிகும். ப்ளஸ் பவர் கண்ணாடி அந்த உழைப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது, கண் நேராகிறது. கத்தியின்றி, நோய்க்காரணத்தையே தொடும் சிகிச்சை இது. இதன் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறைகள் கண்ணாடியைச் சுற்றித்தான் இருக்கின்றன. குளிக்கக் கழற்றியதும் கண் பழையபடி உள்ளே போகும். 'கண்ணாடி போட்டுத்தான் கண் கெட்டது' என்று பெற்றோர் அதைப் பெட்டியில் வைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கண்ணாடி கண்ணைப் பிடித்து நிறுத்துகிறதே தவிர குணமாக்கிவிடுவதில்லை, விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும் என்பதை முதல் நாளே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சிலருக்குக் கண்ணாடிக்குப் பிறகும் திருப்பம் மிச்சமிருக்கும். அவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். திரும்பிய கண்ணின் பார்வை மங்கியிருந்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிப் பழக்க வேண்டும். அது ஏழெட்டு வயதுக்குள் நடந்தால் பலன் அதிகம்.

பவரைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. கம்ப்யூட்டர் பரிசோதனை மட்டும் போதாது. லென்ஸின் உழைப்பை மருந்தால் நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அட்ரோபின் களிம்பை வீட்டிலேயே மூன்று நாள் போட்டுவிட்டு மறுபடி மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள். வெளிச்சத்தில் கண் கூசும், சில பிள்ளைகளுக்கு முகம் சிவந்து உடம்பு சுடும். கொல்லிமலையின் ஒரு தாய்க்கு இதன் பொருள், காரவள்ளி பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் குழந்தையோடு இன்னொரு முறை இறங்கி ஏறுவது. மிளகும் காப்பியும் பறிக்கும் காலத்தில் அந்த நாட்களின் கூலியும் போகும். வளரும் முகத்துக்கு ஃப்ரேம் சின்னதாகும், விளையாடும்போது உடையும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு பயணம்.

2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் இந்த மாறுகண் பள்ளிக்கூடம் வரும் வரை காத்திருப்பதில்லை. எழுத்துப் பலகையும் இங்கே ஏமாற்றும்: தூரப்பார்வை உள்ள பிள்ளை லென்ஸை முடுக்கிக் கடைசி வரி வரை வாசித்துவிடும், 'பார்வை நன்று' என்று குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

இந்த மாறுகண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு சின்ன டார்ச். குழந்தையின் முகத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் பிடித்தால், இரு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி நடுவில் தெரிய வேண்டும். உள்ளே திரும்பிய கண்ணில் அது காதுப் பக்கம் தள்ளி நிற்கும். மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றும் பிள்ளைகளையும் இதே புள்ளி பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். புதிதாக ஒரு திட்டம் தீட்டத் தேவையில்லை.

அந்தக் குழு கொல்லிமலையின் செம்மேடு, சோளக்காடு சுற்றுவட்டாரத்து அங்கன்வாடிகளில் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மருந்து போட்டு அளக்கும் மருத்துவரை அரசு மலைக்கே அனுப்பட்டும். கண்ணாடி கொடுக்கும்போது ஒன்றல்ல, இரண்டாகக் கொடுக்கட்டும்.