ஹாட் டாக் ஸ்டாண்டும் மாரியம்மனும்

கவிதையை வாசிக்கிறோம், நாவலை வாசிக்கிறோம், சினிமாவையும் விளம்பரத்தையும்கூடப் பிரதி என்று வாசிக்கப் பழகிவிட்டோம். ஒரு நாளில் எட்டு மணி நேரம் முகம் கொடுத்து உட்கார்ந்திருக்கும் கணினித் திரையை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. அதன் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தது? அந்த நிறத்துக்கு யார் பெயர் வைத்தது? அதை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? கேட்டால், ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்பார்கள். கெடாத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது விஷயம்தான்.

முதலில் பெயர்களை எடுத்துக்கொள்வோம். 1995இல் வந்த விண்டோஸ் 95இல் திரையின் நிறங்களை மாற்ற ஒரு சிறிய பெட்டி இருந்தது. மேசைப்பரப்பு, தலைப்புப்பட்டை, பொத்தான், எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் கொடுக்கலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஆயத்தமான தொகுப்புகள் இருந்தன: வீட், மேப்பிள், பம்ப்கின், ஸ்ப்ரூஸ், டெசர்ட், ரெய்னி டே. கோதுமை, இலையுதிர்கால மரம், பூசணி, ஊசியிலை மரம், பாலைவனம், மழைநாள். ஒரு வட அமெரிக்கரின் சன்னலுக்கு வெளியே தெரியும் வருடம் இது. ‘ரெய்னி டே’யைத் திறந்தால் சாம்பல் கலந்த நீலம். பீடோங் பக்கம் மழை பெய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைநாளில் நம் ஊரில் பச்சைதான் கூடும். பால்மரத்துப் பட்டை கறுக்கும், செம்மண் இன்னும் சிவக்கும். நம் மழைநாள் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

நம்மிடம் நிறத்துக்குப் பெயர் இல்லாமலா? தீபாவளிக்கு முந்தைய வாரம் சுங்கை பட்டாணியில் ஏதாவது ஒரு சேலைக்கடைக்குள் போய் அம்மாக்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். மயில்கழுத்து, மாந்தளிர், அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, ராமர் பச்சை, வெங்காயச் சருகு, கத்திரிப்பூ. விண்டோஸ் 95இலும் ‘எக்பிளாண்ட்’ என்று ஒரு தொகுப்பு உண்டு. அவர்கள் காயைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம் ஆட்கள் பூவைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 95ஐத் திறந்ததும் தெரியும் அந்தப் பச்சைநீலத்தை ‘டீல்’ என்று மனப்பாடம் செய்துகொண்ட தலைமுறையின் வீட்டு பீரோவிலேயே மயில்கழுத்துச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்பு, 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ‘ஹாட் டாக் ஸ்டாண்ட்’ என்று ஒரு தொகுப்பு இருந்தது. பளீர் மஞ்சளும் ரத்தச் சிவப்பும். கணினி வரலாற்றிலேயே அசிங்கமான நிறத்தேர்வு என்று இன்றுவரை கேலி செய்யப்படுகிறது. படத்தைப் பார்த்ததும் நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: இது மஞ்சளும் குங்குமமும். ஆடித் திருவிழாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கட்டிக்கொள்ளும் சேலை. தீமிதிக்குக் காப்பு கட்டியவர்களின் வேட்டியும் துண்டும். ஒரே நிறச்சேர்க்கை ஓரிடத்தில் நகைச்சுவை, இன்னோரிடத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று.

அழகு அவரவர் கண்ணில் இருக்கிறது என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. ‘என்னடா எஸ்டேட் கலர் போட்டுட்டு வந்திருக்க?’ என்று டவுன் பள்ளியில் கேட்கப்படும்போது அந்தக் கேலி தமிழிலேயேதான் வருகிறது, தாமானுக்குக் குடிமாறிய நம்மவர் வாயிலிருந்தே வருகிறது. வெளிர்நிறம் போட்டால் படித்தவன், அடிக்கிற நிறம் போட்டால் தோட்டத்தான். ரசனை என்று நாம் சொல்வதில் பாதி, எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்கும் ஏற்பாடு.

இரண்டாவது, படம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேட்டையும் நீல வானத்தையும் பார்க்காதவர் இருக்க முடியாது. பெயர் ‘பிளிஸ்’, பேரானந்தம். கலிஃபோர்னியாவின் சொனோமாவில் 1996இல் சார்லஸ் ஓ’ரியர் எடுத்த புகைப்படம். அந்த மேடு அப்படி வழவழவென்று பச்சையாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது திராட்சைத் தோட்டமாக இருந்த இடம். வேரைத் தாக்கும் ஒரு பூச்சியால் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு புல் முளைத்தது. ஆக, உலகம் முழுக்கப் பேரானந்தமாகப் பார்த்த அந்தப் பச்சை, பயிரும் ஆளும் போன பிறகு மிஞ்சிய தோட்டம்.

கெடாவில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடும் முன் மண்ணை மூட ஒரு கொடியைப் பரப்புவார்கள். சில மாதத்தில் மேடு முழுக்க மெத்தை விரித்ததுபோல் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் எக்ஸ்பி திரைதான். கிட்டே போனவர்களுக்குத்தான் லயம் எங்கே இருந்தது, ஸ்டோர் எங்கே இருந்தது என்று தெரியும். மனிதர் இல்லாத பச்சையை அமைதி என்று காட்டும் படத்தைத் தோட்டத்துப் பிள்ளை சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: மாற்றும் உரிமை. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது மலிவான நெட்புக்குகளுக்கென்று ‘ஸ்டார்ட்டர்’ என்றொரு பதிப்பு விட்டார்கள். அதில் திரைப்படத்தை மாற்ற முடியாது. சன்னலின் நிறத்தையும் மாற்ற முடியாது. தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை, பூட்டி வைத்திருந்தார்கள். கூடுதல் பணம் கட்டி மேல்பதிப்புக்குப் போனால் பூட்டு திறக்கும். அதற்கு முந்தைய வருடம், 2008இல், உரிமம் சரியில்லாத எக்ஸ்பி கணினிகளின் திரை மணிக்கொருமுறை தானாகக் கறுப்பாகும்படி செய்தார்கள். இன்றும் உரிமம் பதியாத விண்டோஸ் 10இல் நிறம் மாற்றும் பக்கம் திறக்கும், ஆனால் அமுக்க முடியாது. நிறம் இங்கே வாடகை ரசீது மாதிரி. கட்டியவனுக்கு வண்ணம், கட்டாதவனுக்குக் கறுப்பு. அதே கறுப்பு பத்து வருடம் கழித்து ‘டார்க் மோட்’ என்ற பெயரில் நாகரிகமாகத் திரும்பி வந்தது தனி வேடிக்கை. தண்டனையாக வந்தால் அவமானம், தானாகத் தேர்ந்தெடுத்தால் ஸ்டைல்.

லய வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தப் பூட்டு புதிதல்ல. சுவர் நிர்வாகத்தினுடையது, சாயமும் நிர்வாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் போட்ட கோலமும் சாமி மேடையில் மாட்டிய படமும்தான்.

‘சோத்துக்கே வழி இல்லாதவனுக்கு வால்பேப்பர் எதுக்கு?’ என்று ஒரு முற்போக்குக் குரல் இந்த இடத்தில் வரும். நியாயமான கேள்விபோல இருக்கிறது. ஆனால் பால் வெட்டிய காசில் மாதாமாதம் பிடித்துக் கொடுத்து, தோட்டந்தோறும் கோயில் எழுப்பி, கோபுரத்துக்குக் கண் கூசும் நிறம் அடித்தவர்கள் சோறு நிறைந்த பிறகு நிறத்துக்கு வந்தவர்கள் இல்லை. சொந்தச் சுவர் இல்லாதவர்கள் சேர்ந்து ஒரு சுவரைக் கட்டி அதில் தங்கள் நிறத்தைப் பூசினார்கள். அந்த மஞ்சளையும் சிவப்பையும் அடம் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்றால், நம் தோட்டக் கதைகளுக்கும் ஒரு டிஃபால்ட் தீம் இருக்கிறது. போட்டிகளுக்கு வரும் கதைகளைப் பாருங்கள். விடியாத கருக்கல், வெளுத்த சட்டை, குடிகாரத் தகப்பன், ரத்தம் உறிஞ்சும் கங்காணி, கடைசியில் ஒரு சாவு. சாம்பலும் சிவப்பும் மட்டும். எழுதுபவர் பீடோங்காரராக இருந்தாலும் லூனாஸ்காரராக இருந்தாலும் தொகுப்பு ஒன்றுதான். துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே லயத்தில் ஒருத்தி மாந்தளிர் நிறத்தில் சேலை தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள் என்பதும் உண்மை. அவள் கதைக்குள் வராததற்குக் காரணம் எந்த நிறுவனத்தின் பூட்டும் இல்லை. யாரோ கொடுத்த தொகுப்பில் அவளுக்கு இடமில்லை, நாமும் அதை மாற்றிப் பார்க்கவில்லை.

மலேசியத் தமிழர்களுக்குக் கணினியில் ஒரு பெருமை உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கிருந்துதான் கிளம்பியது. எழுத்துக்காக அவ்வளவு மெனக்கெட்ட சமூகம் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. இன்று கூலிம் ஹைடெக் பார்க்குக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பிள்ளைகளில் தோட்டத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. சில்லுகளைச் செய்யும் கை நம்முடையதாகவும் இருக்கிறது. திரையில் தெரியும் நிறத்தின் பெயர் மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

அந்த விண்டோஸ் 95 பெட்டியில் எனக்குப் பிடித்த ஒரு பொத்தான் இருந்தது: ‘சேவ் ஆஸ்’. ஒவ்வொரு நிறமாக மாற்றிவிட்டு, அந்தத் தொகுப்புக்கு நீங்களே ஒரு பெயர் தட்டி வைத்துக்கொள்ளலாம். பிறகு வந்த பதிப்புகளில் இந்த வசதி குறைந்துகொண்டே போனது, 2012இன் விண்டோஸ் 8இல் அந்தப் பழைய தொகுப்புகளும் போயின. லினக்ஸில் கேடிஇ வைத்திருப்பவர்கள் இன்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறம் கொடுத்து, பெயரிட்டு, நண்பருக்கும் அனுப்பலாம், காசு கேட்க மாட்டார்கள். பளீர் மஞ்சளும் ரத்தச் சிவப்பும் வைத்து ஒன்று செய்து பாருங்கள். கண் வலித்தால் அரைமணி நேரத்தில் மாற்றிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் பெயர் கேட்கும் அந்தக் காலிக் கட்டத்தில் ‘ஹாட் டாக்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.